தொற்றுநோய்க் காலத்திலும் பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு: கோழி, வாத்து வளர்ப்போர் அறிய வேண்டியவை

நெல் வயலில் புகையான் பெருகும் பருவத்தில் விவசாயிகள் தூரைப் பிரித்துப் பார்த்துப் புகையானையே தேடுவார்கள். அந்தச் சமயத்தில் தண்டுத் துளைப்பானோ இலைச்சுருட்டுப் புழுவோ வந்து இறங்கினால் அதைக் கவனிப்பார் இல்லை. புகையானை அடக்கிவிட்டு நிமிரும்போது வெண்கதிர் நிற்கும். ஆகவேதான் எந்தப் பூச்சி தாக்கினாலும், வயலைச் சுற்றிப் பார்க்கும்போது எல்லாப் பூச்சிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நோய்களுக்கும் இவ்விதியே பொருந்தும். இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் அதனை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள், பணியாளர்கள் என அனைத்தும் அந்த ஒரு நோயின் பக்கம் திரும்பின. அக்காலத்தில் இன்புளுயன்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலை யார் கவனித்தார்கள்? கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்துக் கோழியும் இருபது வாத்தும் வளர்க்கும் சிறு விவசாயிக்கு இதில் என்ன வேலை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இன்புளுயன்சா வைரசின் இயல்பு

இன்புளுயன்சா வைரசில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. இவற்றுள் ‘ஏ’ வகையே கோழி வளர்ப்போருக்கு முக்கியமானது. இதன் பூர்வீக வீடு காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் குடல். அங்கிருந்து வீட்டு வாத்துக்கும், கோழிக்கும், பன்றிக்கும், சில சமயம் மனிதருக்கும் வருகிறது. வைரசின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களைக் கொண்டு அதற்குப் பெயர் இடுகிறார்கள். எச்5என்1, எச்5என்8, எச்1என்1 என்பன அவ்வாறு அமைந்த பெயர்களே.

இந்த வைரசின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. இரண்டு வேறு வகை வைரஸ்கள் ஒரே விலங்கின் உடலில் ஒரே நேரத்தில் புகுந்தால், துண்டுகள் ஒன்றோடொன்று மாறிக் கலந்து புதிய வைரஸ் உண்டாகும். இரண்டு நெல் இரகங்களை ஒட்டுச் சேர்த்துப் புதிய இரகம் எடுப்பதைப் போன்றது இது. ஆனால் இங்கே ஒட்டுச் சேர்ப்பவர் எவரும் இல்லை, தானாக நடைபெறுகிறது. பன்றியின் உடல் பறவை வைரசையும் மனித வைரசையும் ஏற்கும் தன்மையுடையது. ஆகவே பன்றியையும் கோழியையும் ஒரே கொட்டிலில் வளர்க்கக் கூடாது என்கிறோம்.

புதிய வைரஸ் பிறந்தால் மனிதரிடம் அதற்கு எதிர்ப்புச் சக்தி இராது. 1957-ல் ஆசியக் காய்ச்சலும் 1968-ல் ஹாங்காங் காய்ச்சலும் உலகெங்கும் பரவின. இவ்விரண்டிலும் பறவை வைரசின் துண்டுகள் கலந்திருந்தன. 2009-ல் பரவிய எச்1என்1 பன்றிகளிடமிருந்து தோன்றியது. 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் கோழிகளிடமிருந்து நேரடியாக 18 பேரைத் தாக்கியது. அவர்களில் 6 பேர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அந்நகரில் இருந்த கோழிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. அத்துடன் மனிதருக்கு வந்த தொற்று நின்றது.

நாய்க்கடி நோய்க்கும் அம்மைக்கும் உள்ளதுபோல ஒரே தடுப்பூசியை ஆண்டுக்கணக்கில் ஃப்ளூவுக்குப் பயன்படுத்த இயலாது. வைரஸ் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கிறது. அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் எந்த வைரசுக்குத் தடுப்பூசி தயாரிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

கண்காணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது?

வயலில் எல்லாச் செடிகளையும் எவரும் பார்ப்பதில்லை. குறுக்காக நடந்து சில இடங்களில் சில குத்துகளைத் தேர்ந்து எண்ணிப் பார்க்கிறோம். சில வயல்களில் விளக்குப் பொறி வைக்கிறோம். அதைக் கொண்டு வட்டாரம் முழுமைக்கும் எச்சரிக்கை தருகிறோம். மனிதரிடம் நடைபெறும் ஃப்ளூ கண்காணிப்பும் இவ்வாறானதே. தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில், காய்ச்சலும் இருமலுமாக வருவோரில் சிலரிடம் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் சளி எடுத்துச் சோதிக்கிறார்கள். கடந்த பத்து நாட்களுக்குள் தொடங்கிய இருமலும், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் இருக்க வேண்டும் என்பது விதி.

உலக சுகாதார நிறுவனம் 1952-ல் இதற்கென ஒரு வலைப்பின்னலை ஏற்படுத்தியது. நம் நாட்டில் புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் ஆய்வு நிலையம் இதில் பங்கு கொண்டுள்ளது. பல நாடுகளில் சேகரித்த வைரஸ்களை ஒப்பிட்டு, ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்கள் கூடி அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எவை இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள்.

பறவைகளுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. கால்நடை பராமரிப்புத் துறையினர் புறக்கடைக் கோழிகள், பண்ணைகள், கோழிச் சந்தைகள், நீர்ப்பறவைகள் தங்கும் ஏரிகள் ஆகியவற்றிலிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். தென் மாநிலங்களுக்கான வட்டார ஆய்வுக்கூடம் பெங்களூரில் உள்ளது. பறவைக் காய்ச்சல்தான் என்று உறுதி செய்யும் பொறுப்பு போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிலையத்துக்கு உரியது.

2020-ல் நடந்தது என்ன?

கொரோனா பரவத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு உலகெங்கும் ஆட்டம் கண்டது. ஃப்ளூ மாதிரிகளைச் சோதித்த அதே பணியாளர்கள், அதே கருவிகள், அதே இரசாயனப் பொருள்கள் கொரோனா சோதனைக்குத் தேவைப்பட்டன. விமானங்கள் நின்றதால் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாதிரி அனுப்புவது தடைப்பட்டது. சாதாரணக் காய்ச்சல் கண்டவர்கள் மருத்துவமனைக்கு வர அஞ்சினார்கள். கால்நடைத் துறையும் இச்சுமையிலிருந்து தப்பவில்லை. போபால் நிலையம் போன்ற விலங்கு நோய் ஆய்வுக்கூடங்களும் 2020-ல் மனிதரின் கொரோனா மாதிரிகளைச் சோதிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன.

இதே சமயத்தில் ஃப்ளூ நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. நோய் உண்மையாகவே குறைந்ததா, அல்லது தேடுவதை நிறுத்தியதால் கண்ணில் படவில்லையா? வலையில் மீன் இல்லை என்று ஒருவர் சொன்னால், வலையை எத்தனை முறை வீசினாய் என்று கேட்க வேண்டும் அல்லவா? அதுபோல, எத்தனை பேருக்கு நோய் என்பதுடன், எத்தனை மாதிரிகளைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

தென் கோளத்து நாடுகளான ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஃப்ளூ காலம். 2017 முதல் 2019 வரையிலான மூன்று ஆண்டுகளில் இம்மாதங்களில் அங்கு சோதிக்கப்பட்ட 1,78,690 மாதிரிகளில் 24,512-ல் ஃப்ளூ இருந்தது. அதாவது நூற்றுக்குச் சுமார் 14. 2020-ல் அதே மாதங்களில் 83,307 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஃப்ளூ இருந்தது 51-ல் மட்டுமே. அமெரிக்காவில் 2020 செப்டம்பர் இறுதி முதல் 2021 மே வரை மருத்துவ ஆய்வுக்கூடங்கள் 8,18,939 மாதிரிகளைச் சோதித்தன. அவற்றில் ஃப்ளூ இருந்தவை 1,675. ஆயிரத்துக்கு இரண்டு.

வலை வீசத்தான் செய்தார்கள். மீன்தான் இல்லை என்பது இதனால் புலனாகிறது. முகக்கவசம், கை கழுவுதல், பள்ளிகள் மூடியிருந்தது, பயணம் நின்றது ஆகியவை கொரோனாவை ஓரளவும் ஃப்ளூவைப் பெருமளவும் கட்டுப்படுத்தின. சோதனையைக் கைவிட்டிருந்தால் இந்த உண்மை எவருக்கும் தெரிந்திருக்காது.

ஆயினும் இரு நோய்களையும் ஒருசேரக் கவனிப்பது எப்படி? இதற்கான வழிகாட்டு நெறிகளை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது. கொரோனாவுக்கென்று தனி ஏற்பாடும் ஃப்ளூவுக்கென்று தனி ஏற்பாடும் வேண்டா. ஏற்கெனவே உள்ள ஃப்ளூ கண்காணிப்பு மையங்களிலேயே, ஒரே நோயாளியிடம் எடுத்த மாதிரியில் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே முறையில் காட்டும் சோதனைகளும் அவ்வாண்டே வந்துவிட்டன. ஒரே உழவில் களையையும் மடக்கி, உரத்தையும் மண்ணோடு கலப்பது போன்ற சிக்கனம் இது.

விடாமல் பார்த்ததன் பயனுக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. பி வகை ஃப்ளூவில் ‘யமகதா’ என்றொரு கிளை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பின் எடுக்கப்பட்ட மாதிரிகளில் அது இயற்கையாகப் பரவியதாக எங்குமே உறுதியாகவில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேடிப் பார்த்த பிறகு, தடுப்பூசியில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று 2023 செப்டம்பரில் நிபுணர்கள் கூறினார்கள். ஒன்று இல்லை என்று சொல்வதற்கும் அதை ஆண்டுக்கணக்கில் தேடியிருக்க வேண்டும்.

மனித ஃப்ளூ குறைந்தது, பறவை ஃப்ளூ குறையவில்லை

மனிதர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். வலசை வரும் பறவைகளுக்கு ஊரடங்கு ஏது? 2020 டிசம்பர் இறுதியில் இராசஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் செத்து விழுந்தன. இமாசலப் பிரதேசத்தில் பாங் அணை நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள், பெரும்பாலும் வரித்தலை வாத்துகள், இறந்தன. 2021 சனவரி முதல் வாரத்தில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்ட வாத்துகளுக்கு எச்5என்8 பறவைக் காய்ச்சல் என்று போபால் நிலையம் உறுதி செய்தது. கேரள அரசு இதனை மாநிலப் பேரிடராக அறிவித்து, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த கோழி, வாத்துகளை அழித்தது.

கொரோனா பரவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பணியாளர்கள் முழு உடல் கவச உடை அணிந்து வயல் வயலாகச் சென்று இதைச் செய்தார்கள். தமிழ்நாட்டு எல்லையில் கேரளத்திலிருந்து வந்த கோழி, முட்டை வண்டிகள் தடுக்கப்பட்டன. சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் வாகனங்களுக்கு மருந்து தெளித்தனர். நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளின் பிழைப்பு அந்தக் காவலை நம்பி இருந்தது.

அதே குளிர்காலத்தில், ருசியாவில் அஸ்திரகான் பகுதியில் உள்ள ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்த ஏழு பேருக்கு எச்5என்8 தொற்று இருந்தது கண்டறியப்பட்டது. அந்த வைரஸ் மனிதரைத் தொற்றியதாகத் தெரிய வந்தது அதுவே முதல் முறை. அவர்களுக்கு நோய்க்குறி எதுவும் இல்லை. நோயுற்ற கோழிகளைக் கண்டவுடன் பணியாட்களையும் சோதித்ததால்தான் அது வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு துயர நிகழ்ச்சி நடந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்துவந்த 2021 ஜூனில், அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் கடும் காய்ச்சலுடனும் மூச்சுத் திணறலுடனும் தில்லியில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். சோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. மருத்துவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. ஃப்ளூ சோதனையும் செய்யப்பட்டிருந்தது. அதில் ‘ஏ’ வகை வைரஸ் இருந்தது. எந்த உட்பிரிவு என்று தெரியாததால் மாதிரி புனேக்கு அனுப்பப்பட்டது. அது எச்5என்1 என்று உறுதியாயிற்று. சிறுவனைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தியாவில் பறவைக் காய்ச்சலால் மனிதர் ஒருவர் இறந்ததாக உறுதி செய்யப்பட்டது இதுவே முதன்முறை. அவனுடன் பழகியவர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் கண்காணிக்கப்பட்டனர். கொரோனா இல்லை என்பதோடு விட்டிருந்தால், எந்த நோய் என்று அறியாமலே போயிருப்போம்.

வதந்தியால் வந்த இழப்பு

2020 தொடக்கத்தில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று செல்பேசி வழியே ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. இறைச்சிக் கோழி விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே இறங்கியது. கடன் வாங்கிப் பண்ணை வைத்த சிறு விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தார்கள்.

கோழிகளுக்கும் ஒரு கொரோனா வைரஸ் உண்டு என்பது உண்மைதான். அது மூச்சுக்குழல் அழற்சி நோயை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் 1931-லேயே இந்நோய் விவரிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசியும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. அந்த வைரஸ் வேறு, 2020-ல் மனிதரிடம் பரவிய வைரஸ் வேறு. கோழியின் கொரோனா மனிதரைத் தாக்குவதில்லை. ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் நெல்லும் அருகம்புல்லும் ஒன்றாகிவிடுமா?

வதந்திக்கு மாற்று மருந்து சோதனை முடிவே. எங்கே நோய் இருக்கிறது, எங்கே இல்லை என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால், ஒரு வட்டாரத்தில் நோய் வந்தாலும் மற்ற வட்டாரத்துக் கோழியும் முட்டையும் விலை போகும். கண்காணிப்பு இல்லையேல் எல்லோருடைய கோழியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

கோழி, வாத்து வளர்ப்போர் செய்ய வேண்டியவை

ஆய்வுக்கூடங்கள் எத்தனை இருந்தாலும் முதல் கண்காணிப்பாளர் கோழி வளர்ப்பவரே. அவர் சொல்லாவிட்டால் மாதிரி எடுக்க எவரும் வரப்போவதில்லை.

1. கணக்கு எழுதுதல்: ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இருக்கும் கோழிகள், இறந்தவை, முட்டை எண்ணிக்கை ஆகிய நான்கையும் நாள்தோறும் குறிக்க வேண்டும். 25 கோழி உள்ள வீட்டில் மாதத்துக்கு ஒன்று சாவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் மூன்று செத்தால் அது வழக்கத்துக்கு மாறானது என்பதை நோட்டு உடனே காட்டும். இருபது முட்டை கிடைத்த இடத்தில் எட்டாகக் குறைந்தாலும் அவ்வாறே. 25 கோழியில் மூன்று சாவதும் 500 கோழியில் மூன்று சாவதும் ஒன்றல்ல. ஆகையால் இறந்தவற்றை மட்டும் எழுதாமல் மொத்தத்தையும் எழுத வேண்டும்.

2. அறிகுறிகளை அறிதல்: திடீர்ச் சாவு, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், தலையும் முகமும் வீங்குதல், கால்களில் இரத்தக் கசிவுப் புள்ளிகள், மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், முட்டை குறைதல், தோல் முட்டை இடுதல் ஆகியன பறவைக் காய்ச்சலின் அறிகுறிகள். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயிலும் இவற்றில் பல தோன்றும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும். “வழக்கமாக வரும் கழிச்சல்தானே” என்று சும்மா இருப்பது தவறு. வாத்துகள் சில சமயம் நோய் தெரியாமலே வைரசைச் சுமந்து எச்சத்தில் வெளியிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

3. இராணிக்கெட் தடுப்பூசி: குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஒரு முறையும், எட்டாவது வாரத்தில் ஒரு முறையும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் வீண் சாவுகள் குறையும். அப்போது வழக்கத்துக்கு மாறான சாவு எளிதில் கண்ணில் படும்.

4. தெரிவித்தல்: ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாட்களில் பல பறவைகள் செத்தால், அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணையும் அழைக்கலாம். ஏரி, குளக்கரையில் காகமோ கொக்கோ கூட்டமாகச் செத்துக் கிடந்தாலும் சொல்ல வேண்டும். நம்முடைய கோழி இல்லையே என்று போய்விடக் கூடாது.

5. செத்த பறவையைக் கையாளுதல்: வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அறுத்துப் பார்க்கக் கூடாது. ஏரி, வாய்க்கால், குப்பைமேட்டில் எறியக் கூடாது; நாய்க்குப் போடக் கூடாது. கால்நடை மருத்துவர் வரும்வரை பிற விலங்குகள் அணுகாதபடி மூடி வைக்க வேண்டும். அவர் தொண்டையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுத்து, அல்லது செத்த பறவையையே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புவார். பிறகு அவர் சொல்லும் முறைப்படி, நீர்நிலைக்கு எட்டத்தில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

6. விற்காதிருத்தல்: நோய் தோன்றியவுடன் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு செல்வதே நோயை ஊர் ஊராகப் பரப்பும் முதற் காரணம். உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் இதுவே.

7. பிரித்து வளர்த்தல்: கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டிலில் அடைக்கக் கூடாது. தீவனத்தையும் தண்ணீரையும் காட்டுப் பறவைகள் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் நம் ஏரிகளுக்கு வரும் காலம். அப்பறவைகள் இறங்கும் நீர்நிலைகளில் இக்காலத்தில் வாத்து மேய்ப்பதைத் தவிர்ப்பது நலம்.

8. சுத்தம்: சந்தையிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். பிறர் பண்ணைக்குச் சென்ற காலணியுடன் நம் கொட்டிலுக்குள் நுழையக் கூடாது. கூண்டையும் முட்டை அட்டையையும் கடன் வாங்கக் கூடாது. கொரோனா வைரசைப் போலவே ஃப்ளூ வைரசும் மேலே கொழுப்புறை உடையது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கொரோனா காலத்தில் கற்ற கை கழுவும் பழக்கத்தைக் கொட்டிலிலும் கடைப்பிடித்தால் போதும்.

9. காய்ச்சல் வந்தால் சொல்லுதல்: கோழிகள் இறந்த வீட்டில் எவருக்காவது பத்து நாட்களுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கோழிகள் செத்ததை அவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். மருத்துவருக்கு அது தெரிந்தால்தான் எந்தச் சோதனை செய்வது என்று முடிவு செய்வார். கொரோனா இல்லை என்று சீட்டு வந்தாலும், “ஃப்ளூ பார்த்தீர்களா?” என்று கேட்பதில் தவறில்லை.

நஷ்டஈடு பற்றி

பலரும் நோயை மறைப்பதற்குக் காரணம், சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்ற அச்சமே. இந்த அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. புறக்கடையில் நிற்கும் பத்துக் கோழிகள்தாம் பல வீடுகளில் பெண்களின் கைச்செலவுக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் பணம்.

பறவைக் காய்ச்சல் உறுதியானால் அழிக்கப்படும் பறவைகளுக்கும் முட்டைகளுக்கும் அரசு நஷ்டஈடு தருகிறது. மத்திய, மாநில அரசுகள் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021 சனவரியில் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இத்தொகை சந்தை விலைக்கு ஈடாகாது என்று வளர்ப்போர் கூறுவது உண்டு. ஆயினும் பொதுவாக நோயால் தாமே செத்த பறவைகளுக்கு அன்றி, உயிருடன் இருந்து அழிக்கப்படும் பறவைகளுக்கே நஷ்டஈடு கணக்கிடப்படுகிறது. பத்து செத்தபின் சொல்பவர் பத்தையும் இழப்பார். இரண்டு செத்தவுடன் சொல்பவர் எட்டுக்குப் பணம் பெறுவார். நாள்தோறும் எழுதிய நோட்டு இங்கேயும் சாட்சியாக உதவும். தற்போதைய தொகையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சில ஐயங்களும் விளக்கங்களும்

பறவைக் காய்ச்சல் காலத்தில் முட்டையும் கறியும் சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். உள்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் வைரஸ் இறந்துவிடும். நம் குழம்பு கொதிக்கும் வெப்பம் அதைவிட மிகுதி. பச்சை முட்டையும் அரைவேக்காடும் வேண்டா. செத்த, நோயுற்ற கோழியைக் கறிக்குப் பயன்படுத்தவே கூடாது. அதை உரிக்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

கறவை மாடுகளுக்கும் இது வருமா?

அமெரிக்காவில் 2024 மார்ச்சில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 தொற்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. பாலிலும் வைரஸ் இருந்தது. பாலைக் காய்ச்சினால் அது அழிந்துவிடும். பச்சைப் பால் குடிக்கும் பழக்கத்தை விடுவது எப்போதும் நல்லது. செத்த கோழிகளை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போடாமல் இருப்பது மேலும் நல்லது.

கொரோனாவுக்குப் பின் ஃப்ளூ மறைந்துவிட்டதா?

இல்லை. கட்டுப்பாடுகள் நீங்கியதும் ஃப்ளூ திரும்பிவிட்டது. 2023 தொடக்கத்தில் எச்3என்2 காய்ச்சல் நாடெங்கும் பரவியது. கர்நாடகத்திலும் அரியானாவிலும் உயிரிழப்பு ஏற்பட்டதாக அவ்வாண்டு மார்ச்சில் மத்திய அரசு தெரிவித்தது. ஆலப்புழை வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் 2024 ஏப்ரலிலும் வந்தது.

முடிவுரை

கொரோனா பெருந்தொற்றின் அவசர நிலை 2023 மே 5-ல் முடிவுக்கு வந்தது. மற்றொரு பெருந்தொற்று என்றேனும் வரலாம். அப்போதும் மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் புதிய நோயின் பக்கம் திரும்பும், போக்குவரத்து நிற்கும், கால்நடை மருத்துவர் வர ஒரு நாள் தாமதம் ஆகலாம். அந்த நாட்களில் கோழிக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கோழி வளர்க்கும் விவசாயி ஒருவரே. ஊரே வேறு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும், காலையில் கொட்டிலைத் திறக்கும்போது எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதி, மாறுதல் கண்டால் அன்றே தெரிவிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்க வேண்டும். நோய் இல்லாத காலத்தில் பழகிய கைதான் நோய்க் காலத்தில் தடுமாறாது.

மேலும் விவரம் வேண்டுவோர் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். விவசாயிகள் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஐயங்களைக் கேட்டறியலாம்.